6-ம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா? தேர்ச்சி சதவீதம் சொல்வதும் சொல்லாததும்

மே மாதம் ரிசல்ட் வந்த கையோடு பள்ளி கேட்டுகளில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும். '100 சதவீதத் தேர்ச்சி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சிதான். 5-ம் வகுப்பு முடித்த பிள்ளையின் டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் பல பெற்றோர் அடுத்த பள்ளியை முடிவு செய்கிறார்கள்.

ஆனால் அந்த நம்பர் 10-ம் வகுப்பு நம்பர். 6-ம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளைக்கு அது என்ன சொல்கிறது? பள்ளி நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது என்றா, அல்லது நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அங்கே சேர்கிறார்கள் என்றா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. 6-ம் வகுப்பில் எந்த வகைப் பள்ளியில் பெயர் பதிவாகிறது என்பது, 12-ம் வகுப்புக்குப் பிறகு மருத்துவ சீட் வரைக்கும் போய் நிற்கும்.

முதல்ல, இது ரெண்டும் என்ன வகைப் பள்ளி?

மாநகராட்சிப் பள்ளி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெயர்ப்பலகையில் 'சென்னை நடுநிலைப்பள்ளி', 'சென்னை மேல்நிலைப்பள்ளி' என்று இருக்கும். கட்டடம், ஆசிரியர், நிர்வாகம் எல்லாமே அரசு அமைப்பின் கையில். புறநகரில் இருந்த அரசுப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்ட பிறகு, சென்னை மாநகராட்சியிடம் சுமார் 420 பள்ளிகள் உள்ளன. தமிழ்நாட்டில் நடுநிலைப்பள்ளி என்றால் 1 முதல் 8-ம் வகுப்பு வரை.

அரசு உதவி பெறும் பள்ளி கொஞ்சம் வேறு. பள்ளியை நடத்துவது ஓர் அறக்கட்டளை, சபை, மிஷன் அல்லது தனியார் சங்கம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. யாரை நியமிப்பது என்பதை நிர்வாகம் முடிவு செய்யும், கல்வித்துறை ஒப்புதல் தரும். 1854-ல் வந்த வுட் கல்வி அறிக்கையில் இருந்தே இந்த மானிய முறை நம் ஊரில் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகள் 37,500-க்கும் மேல், உதவி பெறும் பள்ளிகள் சுமார் 8,300.

அமெரிக்காவில் 'சார்ட்டர் பள்ளி' என்று ஒன்று உண்டு. அரசுப் பணம், தனியார் நிர்வாகம், கட்டணம் இல்லை. 1991-ல் மினசோட்டா மாநிலம்தான் இதற்கு முதலில் சட்டம் போட்டது. அங்கே அது புதுமை என்று பேசப்பட்டபோது, மயிலாப்பூர்க்காரர்கள் கிட்டத்தட்ட அதே ஏற்பாட்டில் மூன்று, நான்கு தலைமுறையாகப் படித்துவிட்டிருந்தார்கள். மயிலாப்பூரில் பி.எஸ். மேல்நிலைப்பள்ளி, லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி, தி.நகரில் ராமகிருஷ்ணா மிஷன் பள்ளிகள், அடையாறு பக்கம் அவ்வை இல்லத்தின் பள்ளி, ஆல்காட் நினைவுப் பள்ளி எல்லாம் இந்த வகையில் வந்தவைதான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில வளாகங்களில் உதவி பெறும் பிரிவும், கட்டணம் வாங்கும் சுயநிதிப் பிரிவும் ஒரே கேட்டுக்குள் இருக்கும். அட்மிஷன் போடும்போது எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். பீஸ் மட்டும் மாறாது, சலுகைகளும் மாறும்.

சரி, அங்கே யார் படிக்கிறாங்க?

மயிலாப்பூர் என்றதும் தெப்பக்குளமும் மாடவீதியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை ஆகிய இடங்களிலிருந்து வருகிறவர்கள். தி.நகர் என்றால் கண்ணம்மாபேட்டை. அடையாறு, பெசன்ட் நகர் என்றால் ஊரூர் குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர், ஆட்டோ ஓட்டுபவர், பெயின்டர். அம்மா நாலு வீட்டில் வேலை செய்பவர். கட்டட வேலைக்காகவும் ஹோட்டல் வேலைக்காகவும் வெளிமாநிலங்களில் இருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, புத்தகத்தில் இன்னொரு மொழி என்று அவர்களுக்கு நாள் தொடங்கும்.

உதவி பெறும் பள்ளிகளின் கதையும் இதிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆல்காட் பள்ளியையே எடுத்துக்கொள்ளலாம். பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், 1894-ல் ஊரூரில் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவற்றுக்கு 'பஞ்சமர் பள்ளி' என்று பெயர். பிறகு அது ஐந்து பள்ளிகளாக வளர்ந்தது. மற்ற பள்ளிகளில் அந்தக் குழந்தைகளுக்கு இடமே கிடைக்காத காலம் அது. ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற பெயரில் அவர் இன்னும் இருக்கிறார். அந்தப் பள்ளி இன்றும் இலவசமாகத்தான் நடக்கிறது.

'உதவி பெறும் பள்ளி என்றால் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகள்' என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. எல்லாப் பள்ளிக்கும் அது பொருந்தாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமே இதற்கு நல்ல உதாரணம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், 2023-ல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024-ல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தது 2025 ஆகஸ்ட் 26-ல்தான். அந்த விரிவாக்கம் தொடங்கி வைக்கப்பட்ட இடம் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனால் பயன்பெறுவார்கள் என்று அரசே சொன்னது. உதவி பெறும் பள்ளிகளிலும் காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அரசு அன்றைக்கு ஒப்புக்கொண்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு இந்த ஊருக்குப் புதிதல்ல. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அந்தத் தியாகராயரின் பெயரில் இருப்பதுதான் தி.நகர்.

தேர்ச்சி சதவீதத்தை எப்படிப் படிப்பது?

2024-ல் நடந்த 10-ம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துக்கொள்வோம். மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். பிரித்துப் பார்த்தால் அரசுப் பள்ளிகள் 87.90, உதவி பெறும் பள்ளிகள் 91.77, தனியார் சுயநிதிப் பள்ளிகள் 97.43.

பார்த்ததும் என்ன தோன்றும்? அரசுப் பள்ளியைவிட உதவி பெறும் பள்ளி நல்லது, அதைவிடத் தனியார் நல்லது. ஏணிப்படி மாதிரி அழகாக இருக்கிறது.

இப்போது அதே தேர்வின் இன்னொரு கணக்கைப் பாருங்கள். மாணவிகள் 94.53, மாணவர்கள் 88.58. வித்தியாசம் கிட்டத்தட்ட 6 புள்ளிகள். அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் இடையே இருப்பதோ 4 புள்ளிகூட இல்லை. அதாவது எந்த வகைப் பள்ளி என்பதைவிட, அங்கே படிப்பது பெண்ணா பையனா என்பது நம்பரை அதிகமாக மாற்றுகிறது. பெண்கள் பள்ளிகள் மட்டும் 93.80, ஆண்கள் பள்ளிகள் மட்டும் 83.17. ஒரு பெண்கள் பள்ளியின் ஃபிளெக்ஸையும் பக்கத்துத் தெரு ஆண்கள் பள்ளியின் ரிசல்ட்டையும் ஒப்பிட்டு 'அந்த ஸ்கூல் சரியில்ல' என்று சொல்வது எவ்வளவு தப்பு என்று இதிலேயே புரியும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டால் எளிதாகப் புரியும். இரண்டு பள்ளிகள், இரண்டிலும் 8-ம் வகுப்பில் 40 பேர். ஒரு பத்தித் தமிழைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும், அதுதான் தேர்வு.

முதல் பள்ளியில் 30 பேர் படித்த பெற்றோரின் பிள்ளைகள், 10 பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். அந்த 30 பேரில் 27 பேர் வாசிக்கிறார்கள், 10 பேரில் 5 பேர். மொத்தம் 32. அதாவது 80 சதவீதம்.

இரண்டாவது பள்ளியில் நேர் எதிர். படித்த பெற்றோரின் பிள்ளைகள் 10 பேர்தான், 10 பேருமே வாசிக்கிறார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகள் 30 பேர், அதில் 18 பேர் வாசிக்கிறார்கள். மொத்தம் 28. அதாவது 70 சதவீதம்.

ஃபிளெக்ஸில் ஜெயிப்பது முதல் பள்ளி. ஆனால் படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் சரி, முதல் தலைமுறைப் பிள்ளைக்கும் சரி, இரண்டாவது பள்ளியில்தான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊர் மாநகராட்சிப் பள்ளிகளில் எத்தனை இந்த இரண்டாவது பள்ளி மாதிரி இருக்கின்றன என்று ரிசல்ட் பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான் நடந்தது. சார்ட்டர் பள்ளிகள் உண்மையிலேயே நன்றாக நடத்துகின்றனவா, இல்லை ஆர்வமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் மட்டும் அங்கே போகிறார்களா? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் ஒரு வழி கண்டுபிடித்தது. சார்ட்டர் பள்ளி மாணவர் ஒருவருக்கு, அதே பகுதியில், அதே வகுப்பு, அதே இனம், அதே வறுமை நிலை, அதே பழைய மதிப்பெண் கொண்ட பொதுப்பள்ளிப் பிள்ளைகளைத் தேடி ஒரு 'இரட்டையர்' கணக்கு உருவாக்கி ஒப்பிட்டது. 2009-ல் வந்த முடிவு பலருக்கு அதிர்ச்சி: கணக்குப் பாடத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகளே மேலாக இருந்தன, 37 சதவீதம் மோசமாக இருந்தன, மற்றவற்றில் வித்தியாசமே இல்லை. 2023-ல் வந்த மூன்றாவது ஆய்வில் நிலைமை மாறியிருந்தது. வாசிப்பில் ஆண்டுக்கு 16 நாள் பாடத்துக்குச் சமமான முன்னேற்றமும், கணக்கில் 6 நாள் முன்னேற்றமும் சார்ட்டர் மாணவர்களிடம் தெரிந்தது.

அந்த மாதிரி ஒப்பீடு மயிலாப்பூரின் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே யாரும் செய்து பெற்றோர் கையில் கொடுப்பதில்லை. ஃபிளெக்ஸ் மட்டும்தான் கிடைக்கிறது.

8-ம் வகுப்பு வரைக்கும் ரிசல்ட்டே இல்லையே?

ஆமாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு 8-ம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றி 5, 8-ம் வகுப்புகளில் நிறுத்தி வைக்க வழி செய்தபோது, தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் 8 வரை தேர்ச்சி என்பதை உறுதி செய்தது. அது சரியான முடிவுதான். 11 வயதுப் பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைத்தால் படிப்பு வராது, பள்ளிக்கே வராமல் போகும்.

அதற்காக எல்லோருக்கும் படிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. 2025-26-ல் 6 முதல் 9-ம் வகுப்பு வரை 'திறன்' என்ற பயிற்சியை அரசு கொண்டு வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படையே வராத பிள்ளைகளுக்கான தனி வகுப்பு இது. 9-ம் வகுப்புப் பையனுக்குக் கூட்டல் கழித்தல் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த இடைவெளி நடுநிலையில்தான் விழுந்திருக்கிறது.

மத்திய அரசின் அடைவு ஆய்வுகள் மாநிலம், மாவட்டம் என்ற அளவில்தான் உதவும். கிராமப்புற அளவில் பேசப்படும் 'அசர்' அறிக்கை சென்னையைத் தொடுவதே இல்லை. ஆனால் நடுநிலைப் பள்ளியைப் பற்றி ஓரளவு சொல்லக்கூடிய ஒரு தேர்வு உண்டு. என்.எம்.எம்.எஸ். எனும் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு. அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிகளின் 8-ம் வகுப்பு மாணவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. போன வருடம் இந்தப் பள்ளியில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேரை எழுத வைத்தார்கள் என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

பள்ளி சரியில்லாமல் போவது எப்படி?

கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் கொடுமையான சுழற்சி இது. ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான். தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஒருவர், 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஒருவர் என்பது சட்டம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரத்தை எடுத்து, எண்ணிக்கை குறைந்த பள்ளியின் ஆசிரியரை 'உபரி' என்று சொல்லி வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். பத்து பிள்ளைகள் போனால் ஓர் ஆசிரியர் போவார். கணக்கு வாத்தியார் போனதும் இன்னும் பத்து பெற்றோர் டி.சி. கேட்பார்கள்.

பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? தனியார் பள்ளிக்கு மட்டும் இல்லை. சென்னையின் மத்தியில், தெற்கில் இருந்த ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடியிருப்புகள் 2000-லிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று வெளியே அனுப்பப்பட்டன. பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கால்வாய்க்கரையில் ஒரு குடியிருப்பு காலியானால், நடந்து போகும் தூரத்தில் இருந்த மயிலாப்பூர் பள்ளியில் ஒரு வகுப்பே காலியாகும். அங்கேயே படிப்பைத் தொடர நினைக்கும் பிள்ளை, இலவச பஸ் பாஸ் இருந்தாலும், விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

2022-ல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டது ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும். அந்த ஆண்டு 10-ம் வகுப்புத் தேர்வு தொடங்கியது மே 6-ல். அங்கே வசித்த ஒருவர் தீக்குளித்து இறந்த பிறகுதான் அது தலைப்புச் செய்தியானது, மயிலாப்பூர், மந்தைவெளி பகுதியிலேயே வீடு தருவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தத் தெருப் பிள்ளைகள் அந்த மே மாதம் எழுதிய மதிப்பெண், பள்ளியின் சதவீதத்தில்தான் சேர்ந்திருக்கும். இடிப்பு அந்தச் சதவீதத்தில் தெரியாது.

7.5 சதவீத ஒதுக்கீடு யாருக்கு?

பெற்றோர் பலரும் லேட்டாகத் தெரிந்துகொள்ளும் விஷயம் இதுதான். 2019-ல் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் இருந்து அரசு எம்.பி.பி.எஸ். இடம் பிடித்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 2020-ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும், அந்த முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து சுமார் 400 பேருக்கு இடம் கிடைத்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சட்டம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

நிபந்தனை என்ன? 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி இதில் வரும். உதவி பெறும் பள்ளி வராது.

இதில் ஒரு விநோதம் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு, 9-லிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத் தகுதி உண்டு. கால்வாய்க்கரையில் இருந்து நடந்து வந்து, உதவி பெறும் பள்ளியில் 6, 7, 8 படித்துவிட்டு 9-ல் மாநகராட்சிப் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்குக் கிடையாது. இரண்டு வீடும் ஒரே தெருவில்கூட இருக்கலாம். உதவி பெறும் பள்ளி மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு நியாயம் இல்லாமல் இல்லை.

மற்ற திட்டங்களில் இந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. பாடப்புத்தகம், மதிய உணவு, சைக்கிள் எல்லாம் இரு வகைப் பள்ளிக்கும் உண்டு. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் வந்தது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், 2024 ஆகஸ்டில் தொடங்கியபோதே தமிழ் வழி உதவி பெறும் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். 'தமிழ் வழி' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். உதவி பெறும் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷனில் சேர்த்தால் இந்த 1,000 ரூபாயும் கேள்விக்குறி.

சேர்க்கும் முன் எதைப் பார்க்கலாம்?

யூடைஸ் பிளஸ் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் 33-ல் தொடங்கும் 11 இலக்க எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பள்ளியிலேயே கேட்டு வாங்கலாம். வகுப்பு வாரியாக எத்தனை பிள்ளைகள், பெண்கள் எத்தனை, எந்தச் சமூகப் பிரிவினர் எத்தனை, ஆசிரியர் எத்தனை பேர் என்று அதில் இருக்கும். இரண்டு, மூன்று ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். 6 முதல் 8 வரை அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் நேரில் விசாரிக்கலாம்.

பள்ளியில் 10-ம் வகுப்பும் இருந்தால், ஃபிளெக்ஸில் இருக்கும் சதவீதத்தைவிட ஒரு கேள்வி முக்கியம்: நாலு வருடத்துக்கு முன்னால் 6-ம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் 10-ம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? 60 பேர் சேர்ந்து 38 பேர் எழுதி 38 பேரும் பாஸ் ஆனாலும் அது '100 சதவீதம்'தான். மீதி 22 பேர் வீடு மாறிப் போனார்களா, வேலைக்குப் போனார்களா, 9-ம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டார்களா என்று சொல்ல முடிகிற தலைமை ஆசிரியர் இருந்தால், அந்தப் பள்ளி பிள்ளைகளைப் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறது.

டி.சி. வரத் தாமதமானால் சேர்க்கையை நிறுத்தக்கூடாது, 8-ம் வகுப்பு வரை அது சட்டம். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், 6-லிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்றிதழை வாங்கி பத்திரமாக வைத்திருங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது 6 முதல் 12 வரை எல்லா வகுப்புக்கும் அது கேட்பார்கள்.